மழையில் பின் எஞ்சின் கார்: முதல் பாடம் வலது காலுக்கு

ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இதுவரை அவர் ஓட்டியதெல்லாம் இன்னோவாவும் ஆக்டேவியாவும். போன வருடம் 2009 மாடல் போர்ஷே 911 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். செப்டம்பரில் ஒரு நாள் சாயங்கால மழையில், வாலாஜா பக்கம் மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவில், வேகம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்ற, ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்திருக்கிறார். வண்டியின் பின்பக்கம் தனியாக நகர்ந்திருக்கிறது. உடனே சரியாகிவிட்டாலும், அதற்கப்புறம் மேகம் கறுத்தாலே சாவியைத் தொடுவதில்லையாம். "இந்த வண்டியை மழையில் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை வெயில் காலத்துக்கு மட்டும்தானா?" என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. வேலூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் வேலை பார்க்கிறேன். ரேஸ் டிராக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அனுபவமும் உண்டு. உங்களுக்கு நடந்தது பின் எஞ்சின் வண்டியை மழையில் ஓட்டும் அநேகமாக எல்லாருக்கும் ஒருமுறை நடப்பதுதான். ஸ்டியரிங் உங்களைக் கைவிடவில்லை. கால்தான் அவசரப்பட்டது. இந்த வண்டியில் கைக்கு முன்னால் வலது காலைப் பழக்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

சின்ன வயதில் சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை வைத்து ஓட்டியிருப்பீர்கள். ஹேண்டில்பார் லேசாகிவிடும். திருப்பினால் முன் சக்கரம் உடனே கேட்காது. மூட்டை ஒரு பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்துவதும் லேசில்லை. 911இன் கதை அதேதான். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல். இதனால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. நன்மை என்னவென்றால், ஈரத்தில் கிளம்பும்போதும் வளைவிலிருந்து வெளியே வரும்போதும் பின் சக்கரங்கள் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். அதே குதிரைசக்தியுள்ள முன் எஞ்சின், பின் சக்கர இழுவை வண்டி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கிற இடத்தில் இது நடந்து போகும். தொல்லை, முன்பக்கம் லேசு. அதனால் ஈரத்தில் முதலில் மூக்கு வெளியே வழுக்கும். ஓட்டுபவர் பயந்து காலை எடுப்பார். எடுத்த நொடியில் எடை முன்னால் சாயும், முன் டயர் திடீரென்று கடிக்கும். பின் டயர்களிலிருந்து பாரம் இறங்கும், காலை எடுத்ததும் எஞ்சினே தரும் பிரேக்கும் அதே பின் சக்கரங்களையே பிடித்து இழுக்கும். பிடி போன பின்பக்கம் வெளியே சுற்றி வரும். மூட்டை ஆடத் தொடங்கிய கதை. வாலாஜாவில் நீங்கள் உணர்ந்தது இதுதான்.

பின் எஞ்சின் நமக்குப் புதிதும் இல்லை. நம் ஊர் பஜாஜ் ஆட்டோவின் பெயரில் இருக்கும் 'ஆர்.ஈ.' ரியர் எஞ்சினைத்தான் குறிக்கிறது. டாடா நானோவிலும் எஞ்சின் பின்னால்தான். அதற்காகவே நானோவுக்கு முன்னால் ஒரு அகலம், பின்னால் அதைவிட அதிக அகலம் என்று டயர் கொடுத்தார்கள். போர்ஷேக்காரர்களும் இந்த ஆட்டத்தோடு பல காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 911ஐக் காட்டினார்கள். ஆரம்ப கால வண்டிகளில் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு 11 கிலோ இரும்புக்கட்டி வைத்து மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். 1969 மாடலில் பின் சக்கரத்தையே பின்னால் தள்ளி, இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரத்தை 57 மி.மீ. கூட்டினார்கள். பின் சஸ்பென்ஷனை அடியோடு மாற்றியது 911இன் 993 மாடலில், தொண்ணூறுகளில். உங்கள் 2009 வண்டி இதையெல்லாம் கற்றுத் தேர்ந்த வண்டி. பி.எஸ்.எம். என்ற ஸ்திரக் கட்டுப்பாடும் அதில் இருக்கிறது. அன்றைக்குப் பின்பக்கம் ஒரு முழம் நகர்ந்ததோடு நின்றதென்றால், பெரும்பாலும் அதுதான் தனித்தனியாக பிரேக் பிடித்து உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ரோட்டில் இல்லாத பிடியை அதனாலும் உண்டாக்க முடியாது. அதனால் அதை எப்போதும் ஆன் செய்தே வையுங்கள்.

சரி, ஓட்டுவதற்கு முன்னால் டயரைப் பார்ப்போம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நம் ஊரில் இந்த மாதிரி வண்டிகள் வருடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. அதனால் டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் வரிப்பள்ளம், புதிது போலவே இருக்கும். வாங்குகிறவரும் விரலை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவார். ஆனால் வேலூர் வெயிலில் ஷெட்டில் கிடந்தே ரப்பர் இறுகிப் போயிருக்கும். இறுகின ரப்பர் காய்ந்த ரோட்டில் பெரிதாகத் தெரியாது, ஈரத்தில் கண்ணாடி மேல் போவது போல் போகும். டயர் பக்கவாட்டில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3218 என்றால் 2018ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்பார்கள். மழைக்கு அது போதாது. 3 மி.மீ.க்குக் கீழே வந்ததும் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளும் வேலை வெகுவாகக் குறைந்துபோகும். நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் புதிது, பின்னால் பழையது என்று மட்டும் இந்த வண்டியில் வைத்துவிடாதீர்கள்.

காற்றும் அப்படித்தான். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு அதைவிடக் கூடுதல் அளவு போட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் பையன் நாலுக்கும் 32 என்று அடித்துவிடுவார், அவர் மேல் தப்பில்லை. பக்கத்தில் நின்று சொல்லுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தேங்கின தண்ணீரில் டயர் ரோட்டை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 1960களில் நாசாவின் ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, நம் கிலோமீட்டர் கணக்கில் சுமார் 16.6ஆல் பெருக்க வேண்டும். 33 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர். அதே டயர் 25க்கு இறங்கியிருந்தால் 83. இது விமான டயருக்கான கணக்கு. கார் டயர் அகலமாகவும் தேய்ந்தும் இருந்தால் இன்னும் முன்னாடியே மிதக்கும். உங்கள் பின் டயர், மாடலைப் பொறுத்து 265 முதல் 305 மி.மீ. வரை அகலம். மாருதி 800 சாதாரணமாகத் தாண்டிப் போகிற தண்ணீரில் நீங்கள் மிதப்பீர்கள். 'விலை உயர்ந்த டயர், அகல டயர், அதனால் நன்றாகப் பிடிக்கும்' என்ற நினைப்பை மழையில் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது நம் ரோடு. ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் குளிர்ந்த டயரைப் பற்றியே எச்சரிப்பார்கள். வேலூரில் மழை பெய்யும்போதும் ரோடு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அந்தப் பயம் இங்கே குறைவு. இங்கே பிரச்சினை முதல் பதினைந்து, இருபது நிமிடம். பல நாள் புழுதி, லாரி சிந்தின டீசல், டயர் தேய்ந்த கரி எல்லாம் தூறலில் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். நன்றாகக் கொட்டி ரோட்டைக் கழுவிவிட்ட மழையைவிட இந்தத் தூறல்தான் மோசம். ஆகஸ்ட், செப்டம்பரில் மதியம் வரை வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு வரும் மழை முழுக்க இந்த ரகம். முடிந்தால் அந்தக் கால் மணி நேரம் எங்கேயாவது டீக்கடையில் நிறுத்திவிடுங்கள்.

சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் சில இடங்கள். டோல்கேட்டுக்கு முன்னால் வரும் தடித்த வெள்ளைப் பெயிண்ட் பட்டைகள் ஈரத்தில் வழுக்கும், அங்கே பிரேக்கை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகளைத் தாண்டும்போது ஸ்டியரிங் நேராக, கால் அசையாமல் இருக்க வேண்டும். வளைவு சரிந்து கட்டியிருக்கும் இடங்களில் மழைத் தண்ணீர் சென்டர் மீடியன் ஓரத்தில் வாய்க்கால் மாதிரி தேங்கி நிற்கும். வலது லேனில் வேகமாகப் போகிறவரின் வலது சக்கரங்கள் மட்டும் அதில் இறங்கும். பாரம் ஏற்றின லாரிகள் ஓடி ஓடி இடது லேனில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும், அதிலும் தண்ணீர். அந்தத் தடத்தில் சக்கரத்தை விடாமல் பக்கத்து மேட்டில் ஓட்டுங்கள். வேகத்தை வண்டியே பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். கொட்டும் மழையில் 60, 70க்கு மேல் இந்த வண்டிக்கு வேலையே இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. காய்ந்த ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் அடித்தால் நிற்க சுமார் 32 மீட்டர் வேண்டும். ஈரத்தில் அதே வண்டிக்கு சுமார் 50. மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடிவிடும் 22 மீட்டர் இதில் சேராது. வளைவிலும் அப்படித்தான். காய்ந்த நாளில் 60இல் எல்லைக்கு வரும் வளைவு, ஈரத்தில் 47லேயே எல்லைக்கு வந்துவிடும்.

இப்போது காலுக்கு வருவோம். காஸ் அடுப்பை சிம்மில் வைக்கும்போது குமிழைப் படக்கென்று திருப்ப மாட்டோம், அணைந்துவிடும். மெதுவாகத் திருப்பி, தீ இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிறுத்துவோம். ஆக்சிலேட்டரை அப்படி விட வேண்டும். காலை எடுக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறான பாடம். எடுக்கலாம், எடுக்க ஒன்றரை, இரண்டு நொடி ஆக வேண்டும். பிரேக்கும் கியர் இறக்குவதும் வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே முடிய வேண்டும். வளைவுக்குள் கியரை இறக்கினால், அது பின் சக்கரத்துக்கு ஹேண்ட்பிரேக் இழுத்ததற்குச் சமம். பி.டி.கே. என்ற ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியாக இருந்தால் மழையில் ஆட்டோ மோடிலேயே விடுங்கள், ஸ்போர்ட் பட்டனைத் தொட வேண்டாம். திரும்பும்போது பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், லேசான மூக்கு அழுந்தி முன் டயருக்குப் பிடி கிடைக்கும். இது பின்னால் தானாக வரும், முதல் மாதமே முயற்சி செய்ய வேண்டாம். வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரில் ஒரு சிறு அழுத்தம், வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஸ்டியரிங் நேராகிற அளவுக்குத்தான் வலது கால் கீழே போக வேண்டும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துக் கற்க முடியாது, பொது ரோட்டிலும் கற்கக் கூடாது. நான் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு, செலவு அதிகமில்லை. ராணிப்பேட்டை பக்கம் பெரிய சிமெண்ட் முற்றம் உள்ள குடோன்கள் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை காலை அனுமதி கேட்டோம். ஒரு லாரி தண்ணீர் சொன்னோம். முற்றத்தின் நடுவே காலி பெயிண்ட் டப்பாக்களை 30 மீட்டர் விட்டத்தில் வட்டமாக வைத்தோம். சுற்றிலும் வண்டி சுழன்றாலும் எதிலும் இடிக்காத அளவு வெற்றிடம்.

அந்த வட்டத்தை ஒட்டி, பி.எஸ்.எம். ஆனில், 20 கிலோமீட்டரில் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். 25இல் ஒன்றும் இருக்காது. 28இல் டயர் ஓரத்திலிருந்து ஒரு கரகரப்பு கேட்கும், உள்ளங்கையில் ஸ்டியரிங்கின் கனம் கூடும். 31 நெருங்கும்போது அந்தக் கனம் திடீரென்று காணாமல் போகும். ஸ்டியரிங் லேசாகிவிடும். மூக்கு டப்பாவை விட்டு வெளியே விலகிக்கொண்டே போகும், நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் கேட்காது. அந்த லேசான உணர்வுதான் நீங்கள் கற்க வந்த பொருள். 31 கிலோமீட்டர், ஆட்டோ போகிற வேகம்தான்! ஈர சிமெண்டில், 15 மீட்டர் ஆரத்தில் அவ்வளவுதான் பிடி. அப்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அவிழ்த்து, காலை மெதுவாகத் தளர்த்தினால் மூக்கு மறுபடி உள்ளே வரும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் வேண்டுமென்றே காலைப் படக்கென்று எடுங்கள். இடுப்புக்குக் கீழே சீட் பக்கவாட்டில் நழுவுவது தெரியும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னும். வாலாஜாவில் நடந்தது குறைந்த வேகத்தில், பயமில்லாமல், உங்கள் கண்ணெதிரே நடக்கும். முப்பது, நாற்பது தடவை செய்யுங்கள். பி.எஸ்.எம். இல்லாமல் செய்வதானால் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்களாகச் செய்யாதீர்கள்.

பின்பக்கம் போனால் பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், கை பார்வையைப் பின்தொடரும். வண்டி சுற்றுகிற பக்கத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை வேகமாகத் திருப்பி, வண்டி நேரானதும் அதே வேகத்தில் நேராக்க வேண்டும். பலர் திருப்புவதைச் சரியாகச் செய்வார்கள், நேராக்குவதில் தாமதிப்பார்கள், வண்டி மறுபக்கம் சுற்றிவிடும். எஞ்சின் எடை பின்னால் ஊஞ்சல் மாதிரி தொங்குவதால் அந்த இரண்டாவது ஆட்டம்தான் இந்த வண்டியில் பெரியது. பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக அழுத்திவிட வேண்டும்.

எனக்கு இது நடந்தது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், ஒரு நவம்பர் மழையில். வண்டி ஒரு நண்பருடைய 911. அதற்கு முந்தைய நாலு சுற்றும் நன்றாகப் போனது. ஐந்தாவது சுற்றில், ஒரு வலது வளைவில், முன்னால் போன வண்டி அடித்த தண்ணீரில் எனக்கு எதுவும் தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு 'காலைப் படக்கென்று எடுக்காதே' என்று சொல்லியிருக்கிறேன், என் கால் தானாக வந்துவிட்டது. முதல் ஆட்டத்தைப் பிடித்தேன். ஸ்டியரிங்கை நேராக்கக் கால் நொடி தாமதம். வண்டி மறுபக்கம் சுற்றி, ஒரு முழு வட்டம் போட்டு, புல்லில் பின்புறமாக நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, வண்டிக்கும் கீறல் இல்லை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. தெரிந்திருந்தால் மட்டும் போதாது, கால் பழகியிருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக ஒப்புக்கொண்டேன். வட்டப் பயிற்சியை நாற்பது தடவை என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

ஏலகிரி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 14 கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறும்போது இந்த வண்டிக்கு அது சொர்க்கம். எடை இன்னும் பின்னால் சாய்வதால் ஈரத்திலும் பிடித்துக்கொண்டு ஏறும். இறங்குவது வேறு கதை. எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடுகிறது, நீங்களும் பிரேக்கில் இருப்பீர்கள். மழையில் இறங்குவதானால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ரொம்ப மெதுவான வேகத்துக்கு வந்து, இரண்டாவது கியரில், காலை அசைக்காமல் உருட்டிக்கொண்டு வாருங்கள். எதிரே பஸ் வரும் என்று வைத்துக்கொண்டே திரும்புங்கள். இந்த மழைக்காலத்தில் முதல் பயணமாக ஏலகிரி வேண்டாம். அப்புறம், ரயில்வே பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்றால் எவ்வளவு ஆழம் என்று இறங்கிப் பார்க்கக்கூட வேண்டாம், திருப்பிவிடுங்கள். இந்த எஞ்சின் படுத்த வாக்கில், தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது.

2019இல் வந்த 911இன் 992 மாடலில் முன் சக்கர வளைவுக்குள் ஒலி உணரி வைத்து, டயர் தண்ணீரை அடிக்கும் சத்தத்தைக் கேட்டே ரோடு ஈரம் என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது. ஈர ரோட்டுக்கான 'வெட் மோடு' போடச் சொல்லி எச்சரிக்கும். உங்கள் வண்டியில் அது கிடையாது, அந்த வேலையை உங்கள் காது செய்யலாம். பாட்டை நிறுத்திவிடுங்கள். சக்கர வளைவுக்குள் தண்ணீர் அடிக்கும் சத்தம் 'சர்ர்' என்று ஒரே சீராக இருந்தால் டயர் தண்ணீரை வெட்டுகிறது. அது திடீரென்று அடங்கி, ஸ்டியரிங்கும் லேசானால் டயர் மிதக்கிறது. அந்த நேரம் பிரேக் கூடாது, திருப்பவும் கூடாது. சிம்மில் வைக்கிற மாதிரி காலைத் தளர்த்தி, சத்தம் திரும்பி வரும் வரை ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

இந்த வாரம் டயர் எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி. பழையதென்றால் முதலில் அதை மாற்றுவோம். முற்றத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நான் சொல்லி வைக்கிறேன். பழைய பெயிண்ட் டப்பா வீட்டில் இருந்தால் நாலு எடுத்து வாருங்கள்.